போதைப்பொருள் உடலுக்குள் எங்கே போகிறது? ஸ்கேன் படங்கள் சொல்வதும் சொல்லாததும்

பெட் ஸ்கேன் என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். ஊசி போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து, அப்புறம் கருவிக்குள் அனுப்புவார்கள். அந்த ஊசியில் இருப்பது எஃப்.டி.ஜி. என்ற கதிரியக்கக் குளுக்கோஸ். சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும் கட்டிகள் படத்தில் பளிச்சென்று தெரியும். இந்த மருந்தை 1976இல் தயாரித்து, மனிதருக்குச் செலுத்திப் பார்க்க பிலடெல்பியாவுக்கு விமானத்தில் அனுப்பியது, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம். அதை உருவாக்கிய குழுவில் ஜோனா ஃபவுலர் என்ற வேதியியலாளரும் இருந்தார்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஃபவுலர், அதே ஆய்வுக்கூடத்தில், கதிரியக்கம் ஏற்றிய கொக்கெய்னைத் தயாரித்தார். அமெரிக்க நகரங்களில் கொக்கெய்னும், அதன் புகைக்கும் வடிவமான கிராக்கும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஹெராயினை நிறுத்தினால் வருவது போன்ற கடுமையான உடல் உபாதை கொக்கெய்னை நிறுத்தும்போது வருவதில்லை. அதனாலேயே அது அவ்வளவு ஆபத்தானதில்லை என்று மருத்துவர்களிலேயே பலர் நம்பினார்கள். அது உடலுக்குள் போனதும் எங்கே தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, அங்கே என்ன செய்கிறது என்பதை உயிரோடிருக்கும் மனிதரிடம் யாரும் பார்த்ததில்லை. தெரிந்ததெல்லாம் ரத்தம், சிறுநீர், எலி, பிரேதப் பரிசோதனை ஆகியவற்றிலிருந்து கிடைத்த தகவல்கள்.

சாயம் போன்ற எதையாவது கொக்கெய்னோடு ஒட்டிவைத்துத் துரத்த முடியாது. ஒட்டியதுமே அது வேறு பொருளாகிவிடும். ஃபவுலரின் குழு மூலக்கூறில் ஏற்கெனவே இருக்கிற ஒரு கார்பன் அணுவையே மாற்றியது. கொக்கெய்னின் நைட்ரஜன் அணுவில், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு மெத்தில் தொகுதி தொங்கிக்கொண்டிருக்கும். அது இல்லாத வடிவத்துக்கு நார்கொக்கெய்ன் என்று பெயர். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் புரோட்டான்களை வேகமாக்கி நைட்ரஜன் வாயுவின் மேல் மோத விட்டால் கார்பன்-11 உண்டாகும். அதை மெத்தில் அயோடைடாக மாற்றி நார்கொக்கெய்னோடு வினைபுரிய வைத்தால், எந்த வித்தியாசமும் இல்லாத கொக்கெய்ன் கிடைக்கும். ஒரே ஒரு கார்பன் மட்டும் கதிரியக்கம் உடையது. மெத்தபெட்டமைன் என்ற இன்னொரு போதைப்பொருளுக்கும் இதே வழிதான். ஆம்பெட்டமைனில் ஒரு மெத்தில் சேர்ந்ததுதான் மெத்தபெட்டமைன் என்பதால், சேர்க்கும் மெத்திலைக் கதிரியக்க மெத்திலாக வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கார்பன்-11இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 20.4 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே தயாரிப்பது, சுத்திகரிப்பது, தரம் பார்ப்பது, ஸ்கேன் அறைக்குக் கொண்டு ஓடுவது எல்லாம் ஒரே கட்டட வளாகத்துக்குள் நடந்தாக வேண்டும். சைக்ளோட்ரான், வேதியியலாளர், மருத்துவர், ஸ்கேனர் நான்கும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இது நடக்கும். இந்தத் துறையின் அடிப்படைத் தகவல்களில் பாதி ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததற்குக் காரணம் இதுதான்.

செலுத்தப்படும் அளவு மிகமிகக் குறைவு, மைக்ரோகிராம் கணக்கு. போதை ஏறாது. கார்பன்-11 சிதையும்போது பாசிட்ரான் என்ற துகள் வெளிவரும். அது ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒரு எலக்ட்ரானோடு மோதி அழியும். அப்போது இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். சுற்றியிருக்கும் வளையத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் பட்டால், அந்த நேர்கோட்டில் எங்கோ மருந்து இருக்கிறது என்று அர்த்தம். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேகரித்து, கணினி படமாக்கும். படம் மட்டுமல்ல, நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு என்ற கணக்கும் கிடைக்கும். என்னைக் கேட்டால், வண்ணப்படத்தைவிட இந்தக் கணக்குத்தான் முக்கியம்.

1989இல் வெளிவந்த முதல் முடிவுகளில், கொக்கெய்ன் மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழமான பகுதியில் போய்க் குவிவது மனிதரிடமும் பபூன் குரங்குகளிடமும் தெரிந்தது. இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை நரம்புசெல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள உதவும் புரதம் அங்கே நிறைய உண்டு. கொக்கெய்ன் அந்தப் புரதத்தைத்தான் அடைக்கிறது. அடைத்தால் டோபமைன் வெளியிலேயே தேங்கும். ஊசி வழியாகப் போன கொக்கெய்ன் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, சுமார் 25 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது. பயன்படுத்துவோர் சொல்லும் போதை ஏறி இறங்கும் நேரமும் கிட்டத்தட்ட இதுவே.

இங்கே நோரா வோல்கோவ் என்ற மனநல மருத்துவரைச் சொல்ல வேண்டும். மெக்சிகோவில் பிறந்தவர், ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி. 1980களில் ஹூஸ்டனில் கொக்கெய்ன் பயன்படுத்துவோரின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தபோது, ரத்த ஓட்டம் அங்கங்கே விட்டுப்போயிருப்பதைக் கண்டார். பக்கவாதம் வந்தவர்களின் படம் போலவே இருந்தது. அந்தக் கட்டுரை 1988இல்தான் அச்சேறியது. அவரே பிற்பாடு புரூக்ஹேவனுக்கு வந்து ஃபவுலரோடும் ஜீன்-ஜாக் வாங்கோடும் சேர்ந்தார். 2003 முதல் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.

இந்தக் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், கொக்கெய்ன் பழக்கம் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவை ஊசியில் கொடுத்து, டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் அந்தப் புரதத்தில் எத்தனை சதவீதம் அடைபடுகிறது என்று அளந்தார்கள். 60 முதல் 77 சதவீதம் வரை அடைபட்டது. போதை ஏறியதை உணரக் குறைந்தது 47 சதவீதமாவது அடைபட வேண்டும் என்றும் தெரிந்தது. இதற்குள் இன்னொரு புதிர் இருந்தது. கவனக்குறைவுக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், அதாவது ரிட்டலின் மாத்திரையும் இதே புரதத்தைத்தான் அடைக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அளவிலேயே பாதிக்கு மேல் அடைபடுகிறது. அப்படியானால் மாத்திரை விழுங்கும் குழந்தைக்கு ஏன் கொக்கெய்ன் போதை ஏறுவதில்லை?

விடை வேகம். வாய்வழியாகப் போன மெத்தில்ஃபெனிடேட் மூளையில் உச்சத்தைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதையே ஊசியில் கொடுத்தால் நிமிடங்களில் ஏறுகிறது, போதையும் வருகிறது. ஆனால் மருந்து மூளையில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்போது, போதை மட்டும் அதற்கு வெகு முன்பே இறங்கிவிடுகிறது. எவ்வளவு இருக்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாக வந்தது என்பதும் போதையைத் தீர்மானிக்கிறது. புகைப்பதும் ஊசி போடுவதும் விழுங்குவதைவிட ஏன் சீக்கிரம் அடிமையாக்குகின்றன என்பதற்கு இது நேரடியான விளக்கம். ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் மூளை. ஆனால் மருந்து ரத்தத்தோடு கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. மூளையைத் தாண்டிய பகுதிகளை இந்தத் துறை தாமதமாகத்தான் பார்த்தது என்பது என் மனக்குறை. மெத்தபெட்டமைனின் முழுஉடல் கணக்கு 2010இல்தான் வெளிவந்தது. இலங்கையில் ஐஸ் என்றும், தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் முழுப்பெயரோடும் நாம் அடிக்கடி படிக்கிற அதே பொருள். ஆரோக்கியமான 19 பேருக்கு மிக நுண்ணிய அளவு கதிரியக்க மெத்தபெட்டமைனைச் செலுத்தினார்கள். செலுத்தியதில் சுமார் 22 சதவீதம் நுரையீரலில், 23 சதவீதம் கல்லீரலில், 10 சதவீதம் மூளையில், 7 சதவீதம் சிறுநீரகங்களில் தெரிந்தது. சிறுநீரகங்கள் சிறியவை என்பதால், அளவுக்கேற்பப் பார்த்தால் அங்கே செறிவு அதிகம். உடல் எடையில் இரண்டு சதவீதமே இருக்கும் மூளை பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

வெளியேறும் வேகம்தான் இதைவிடச் சுவாரசியம். இதயத்திலும் நுரையீரலிலும் 7 முதல் 16 நிமிடத்தில் பாதியாகிவிட்டது. சிறுநீரகம், மண்ணீரல், கணையத்தில் 22 முதல் 50 நிமிடம். மூளை, கல்லீரல், இரைப்பையில் 75 நிமிடத்துக்கு மேல். கொக்கெய்ன் மூளையில் ஸ்ட்ரையேட்டத்தோடு பெரும்பாலும் நின்றுகொள்ள, மெத்தபெட்டமைன் நரம்பு இழைகள் ஓடும் வெள்ளைப்பகுதி உட்பட மூளையெங்கும் பரவி நீண்ட நேரம் தங்குவதையும் இதே குழு 2008இல் காட்டியிருந்தது. ஒரு முறை எடுத்தால் பல மணி நேரம் தூக்கமில்லாமல் திரிவதற்கு இது பொருந்துகிறது.

நுரையீரல் ஏன் இவ்வளவு இழுக்கிறது? கையின் சிரை வழியாகப் போன ரத்தம் முதலில் நுரையீரலைத்தான் கடக்க வேண்டும். அத்துடன், கொழுப்பில் கரையும் காரத்தன்மையுள்ள மூலக்கூறுகள் நுரையீரல் திசுவில் தேங்குவது மருந்தியலில் பழைய செய்தி. இதைப் புகைப்பவர்களுக்கு நுரையீரல்தான் வாசலே என்பதால் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும் நோய்க்கும் மெத்தபெட்டமைனுக்கும் உள்ள தொடர்பை இந்தக் குவிப்பு விளக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். அந்தத் தொடர்பு இப்போது ஊகமில்லை. நுரையீரல் உயர் அழுத்தத்தை உண்டாக்கும் மருந்துகளின் சர்வதேசப் பட்டியலில், முன்பு ‘வாய்ப்புள்ளவை’ என்ற வரிசையில் இருந்த மெத்தபெட்டமைன், 2018 மாநாட்டுக்குப் பிறகு ‘உறுதியானவை’ வரிசைக்கு ஏறிவிட்டது. 1960களில் ஐரோப்பாவில் பசியைக் குறைக்க விற்கப்பட்ட அமினோரெக்ஸ் என்ற மாத்திரை இதே நோயைப் பரப்பிய வரலாறும் இருக்கிறது. அதுவும் ஆம்பெட்டமைனுக்கு உறவு.

அதே 2010 ஆய்வில், கறுப்பின அமெரிக்கர்களின் நுரையீரலில் வெள்ளையரைவிட 30 சதவீதம் அதிகமாகத் தேங்கியது என்று ஒரு வரி இருக்கிறது. அவர்களிடையே மெத்தபெட்டமைன் பழக்கம் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணமோ என்று ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். ஒரு பக்கம் 10 பேர், மறுபக்கம் 9 பேர். முதற்கட்ட முடிவு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தெருவில் எந்தப் போதைப்பொருள் ஓடுகிறது என்பதை விலையும் விற்பவனும் முடிவு செய்கிற உலகத்தில், பத்து நுரையீரல்களை வைத்து அந்தக் கேள்வியைத் தொட்டிருக்க வேண்டாம் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பெட் கருவிக்குத் தெரிவது கார்பன்-11 மட்டும்தான். அது இன்னும் கொக்கெய்னோடு ஒட்டியிருக்கிறதா, உடைந்துபோன துண்டில் இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியாது. கொக்கெய்னை ரத்தத்திலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் வேகமாக உடைக்கின்றன. கல்லீரல் பிரகாசமாகத் தெரிந்தால், அதில் ஒரு பங்கு சிதைந்த மிச்சங்களாக இருக்கலாம். மூளைக்குள் அந்த மிச்சங்கள் எளிதில் நுழைவதில்லை என்பதால் அங்கே படத்தை அதிகம் நம்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு உறுப்பில் மருந்து இருப்பது அந்த உறுப்பு கெட்டுவிட்டதற்கு அத்தாட்சி இல்லை. மருந்து எங்கே போகிறது என்பது ஒரு கேள்வி. போன இடத்தில் அந்த நேரம் என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. வருடக்கணக்கில் என்ன வடு வைக்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வேறு வேறு படம் வேண்டும். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் வரும் ஓட்டை விழுந்த வண்ண மூளைப் படங்கள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புகின்றன.

இதயத்தை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். மெத்தபெட்டமைனைப் போலவே கொக்கெய்னும் இதயத்தில் நீண்ட நேரம் தங்குவதில்லை, சில நிமிடங்கள்தான். தங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் இதயம் பத்திரம் என்று தோன்றும். ஆனால் கொக்கெய்ன் எடுத்த இளைஞர்கள் மாரடைப்போடு வந்துகொண்டிருந்தார்கள். 1989இல் டெக்சாஸின் டல்லாஸில் ஒரு குழு இதை ஆஞ்சியோகிராமில் நேரடியாகப் பார்த்தது. நெஞ்சுவலிக்காக எப்படியும் ஆஞ்சியோகிராம் செய்யவிருந்த 45 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் மரத்துப்போவதற்காகப் பயன்படுத்தும் அளவுக் கொக்கெய்னை ஒரு பகுதியினருக்கு மூக்கில் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். கொக்கெய்ன் பெற்றவர்களுக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. அதாவது இதயத்துக்கு வேலை கூடியது. அதே நேரம் இதயத்துக்கு ரத்தம் தரும் இடது கரோனரிக் குழாயின் விட்டம் 8 முதல் 12 சதவீதம் சுருங்கியது, ரத்த ஓட்டமும் குறைந்தது. தேவை கூடும் நேரத்தில் வரத்து குறைகிறது. யாருக்கும் அப்போது நெஞ்சுவலி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா வகை ஏற்பிகளை அடைக்கும் ஃபென்டோலமைன் என்ற மருந்தைக் கொடுத்ததும் குழாய்கள் பழைய நிலைக்கு வந்தன. எனவே சுருக்கத்துக்குக் காரணம் அந்த ஏற்பிகள்தான் என்று உறுதியானது. அடுத்த ஆண்டு அதே குழு, சாதாரண நெஞ்சுவலிக்குத் தயங்காமல் கொடுக்கும் புரோபிரானலால் என்ற பீட்டா தடுப்பானைக் கொடுத்துப் பார்த்தது. சுருக்கம் இன்னும் மோசமானது. கொக்கெய்ன் எடுத்து நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பீட்டா தடுப்பானைக் கொடுக்க அவசரப் பிரிவுகள் தயங்குவதற்கு இந்தப் படங்களே ஆரம்பம். அந்தத் தயக்கம் எல்லா வகைப் பீட்டா தடுப்பான்களுக்கும் தேவையா என்ற வாதம் பிறகு நீண்டுகொண்டே போனது, அது தனிக்கதை. மூளையின் ரத்தக்குழாய்களும் இப்படியே சுருங்குகின்றன என்பதை 1998இல் பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனைக் குழு எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் காட்டியது.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது வடுவுக்கு, எம்.ஆர்.ஐ. உதவுகிறது. காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்திச் சிறிது நேரம் காத்திருந்தால், ஆரோக்கியமான இதயத்தசையிலிருந்து அது கழுவிக்கொண்டு போய்விடும். தழும்பேறிய இடத்தில் மட்டும் தங்கி வெள்ளையாகத் தெரியும். இத்தாலியின் பீசாவில் இதயநோய் அறிகுறியே இல்லாத 30 கொக்கெய்ன் அடிமைகளை இப்படிப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவின்படி 25 பேரின் இதயத்தில் ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது. 22 பேருக்குத் தழும்பு, 14 பேருக்குத் தசையில் நீர்வீக்கம். அடிமைகளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில், வேலைக்குப் போய்வந்து, அவ்வப்போது மட்டும் பயன்படுத்துகிற 20 பேரைப் பார்த்தபோதும், பயன்படுத்தாதவர்களைவிட ரத்த அழுத்தம் 8 புள்ளி கூட, பெருந்தமனி 30 சதவீதத்துக்கும் மேல் விறைப்பு, இடது கீழறைச் சுவர் 18 சதவீதம் தடிப்பு. கொக்கெய்ன் எடுத்த சூட்டில் பார்த்ததில்லை இது. கடைசியாக எடுத்து இரண்டு நாளுக்கு மேல் ஆன பிறகு பார்த்தது.

இந்த எண்களையெல்லாம் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கொக்கெய்ன் எடுப்பவர் பெரும்பாலும் புகைக்கிறார், குடிக்கிறார். புகை தனியாகவே என்ன செய்கிறது என்பதையும் ஃபவுலரின் குழு அளந்திருக்கிறது. டோபமைனை உடைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் பி என்ற நொதி, புகைப்பவர்களின் மூளையில் 40 சதவீதம் குறைவு என்று 1996இல் சொன்னார்கள். 2003இல் இதயம், நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றிலும் 33 முதல் 46 சதவீதம் வரை குறைவு என்று காட்டினார்கள். இத்தனைக்கும் நிகோடின் அந்த நொதியைத் தடுப்பதில்லை, புகையில் இருக்கும் வேறு ஏதோ செய்கிறது. சிகரெட் பழக்கமே இத்தனை உறுப்புகளின் வேதியியலை மாற்றும் என்றால், கொக்கெய்ன் ஆய்வில் புகைப்பழக்கத்தைச் சரிக்கட்டாத எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை எடுக்கும் ஸ்கேனில், பாதிப்பு மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதும் தெரியாது.

அதனால்தான் அதே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆய்வுகளுக்கு மதிப்பு அதிகம். மெத்தபெட்டமைன் பழக்கத்தை விட்ட ஐந்து பேரை வோல்கோவ் குழு ஓராண்டுக்கு மேல் கழித்து மறுபடி ஸ்கேன் செய்தது. குறைந்துபோயிருந்த டோபமைன் புரதம் ஒரு பகுதியில் 19 சதவீதமும் இன்னொரு பகுதியில் 16 சதவீதமும் கூடியிருந்தது. ஆனால் நினைவாற்றல், கைகால் வேகம் பற்றிய சோதனைகளில் அந்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை. படம் சரியானாலும் ஆள் முழுதாகத் தேறவில்லை. இதயத்தில் செய்தி கொஞ்சம் மேல். மெத்தபெட்டமைனால் இதயம் தளர்ந்த 30 பேரை ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எக்கோவிலும் திசுப் பரிசோதனையிலும் பார்த்து 2017இல் எழுதினார்கள். பழக்கத்தை விட்டவர்களுக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் கூடியது. தழும்பு அதிகம் ஏறியிருந்தவர்களுக்கு அவ்வளவாகக் கூடவில்லை.

பழைய ஸ்கேனர்களின் பார்வை அகலம் சுமார் 15 செ.மீ.தான். மூளையைப் பார்த்தால் இதயம் தெரியாது. இதயத்தைப் பார்த்தால் சிறுநீரகம் தெரியாது. ஊசி போட்ட முதல் நிமிடத்தில் எல்லா உறுப்பிலும் நடப்பதைப் பார்க்க வேறு வேறு நாட்களின் படங்களைச் சேர்த்துத்தான் கணக்குப் போட முடிந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சைமன் செர்ரியும் ராம்சே படாவியும் உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் என்ற பெட் ஸ்கேனர், 194 செ.மீ. நீளம். தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில் பார்க்கும். 2018இல் முதல் மனிதப் படங்கள் வந்தன. உணர்திறன் பல மடங்கு அதிகம் என்பதால் கதிரியக்க அளவையும் குறைக்கலாம். கொக்கெய்ன் மூளையைத் தொடும் நொடியில் இதயத்தின் நரம்பு முனைகளிலும் அட்ரினல் சுரப்பியிலும் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு, ஒரே ஆளிடம், ஒரே ஊசியில் விடை தேட இப்போது கருவி இருக்கிறது.